பங்காளிக்கு வந்த பங்கு: டிவிடெண்ட் வரியின் நூறாண்டு

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. மும்பை பங்குச்சந்தையின் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் விழுந்தது. சதவீதத்தில் 13-க்கும் மேல். காலையில் வர்த்தகத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள், பிறகும் நிற்கவில்லை. ஜனவரியில் 42,000-ஐத் தொட்டிருந்த குறியீடு அன்று 25,981-ல் முடிந்தது. அந்த நாளைப் பங்கு வைத்திருந்த எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, இன்னொன்று நடந்தது. 1997 முதல் (நடுவில் ஓர் ஆண்டு நீங்கலாக) நடைமுறையில் இருந்த டிவிடெண்ட் விநியோக வரி ஒழிந்தது. கம்பெனி தரும் டிவிடெண்டுக்கு இனி கம்பெனி வரி கட்டாது, வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த வாரம் அது. யாரும் கவனிக்கவில்லை.

முதல் நிகழ்வின் காயம் அதே ஆண்டு நவம்பருக்குள் ஆறிவிட்டது, சென்செக்ஸ் மீண்டும் 42,000-ஐத் தாண்டியது. இரண்டாவது நிகழ்வு இன்றும் ஒவ்வொரு பங்குதாரரின் வருமானவரிக் கணக்கிலும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. விழுந்த சந்தையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கட்டுரை சத்தமில்லாத அந்த இரண்டாவது கதையைப் பற்றியது. டிவிடெண்ட் வரியின் வரலாறு என்று சொன்னால் கொட்டாவி வரும். ஆனால் அதன் அடியில் இருக்கும் கேள்வி எளியது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட: கம்பெனியின் லாபம் யாருடையது?

களத்து நெல்

ஒரு பங்கை வாங்குகிறவருக்கு இரண்டு வழியில் காசு வரலாம். ஒன்று, விலை ஏறி விற்பது. இன்னொன்று, விற்காமலே கம்பெனி லாபத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது. அதுதான் டிவிடெண்ட், தமிழில் ஈவுத்தொகை அல்லது பங்காதாயம்.

நம் ஊர் கணக்கில் சொன்னால், முதலாவது நிலத்தின் விலை, இரண்டாவது களத்து நெல். பக்கத்தில் புறவழிச்சாலை வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் நிலத்தின் விலை இரட்டிக்கும். சாலை வேறு பக்கம் போய்விட்டது என்றால் பாதியாகும். இரண்டு சமயத்திலும் களத்துக்கு வரும் நெல் அதே அளவுதான். விற்கப்போகிறவருக்கு விலை முக்கியம். சாப்பிட வேண்டியவருக்கு நெல் முக்கியம்.

பங்குச்சந்தையின் முதல் டிவிடெண்டே உண்மையில் பண்டமாகத்தான் வந்தது. 1602 ஆகஸ்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாமில் முதலீடு திரட்டியபோது 1,143 பேர் பெயர் எழுதினார்கள். பெரும் வணிகர்கள் ஆயிரக்கணக்கில் போட்டார்கள். இயக்குநர் ஒருவர் வீட்டில் வேலை பார்த்த நீல்ட்கென் கார்னெலிஸ் என்ற பணிப்பெண் 100 கில்டர் போட்டார். சிறு முதலீட்டாளர் என்ற சொல் வருவதற்கு முன்பே சிறு முதலீட்டாளர் வந்துவிட்டார்.

ஆனால் எட்டு வருஷம் எந்தப் பங்கும் கைக்கு வரவில்லை. கப்பல், கோட்டை, போர் என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனியை விட்டு விலகிய ஐசக் லெ மெய்ர், கையில் இல்லாத பங்கையெல்லாம் விற்று விலையை இறக்கினார். இதனால் விதவைகளும் அனாதைகளும் பாதிக்கப்படுகிறார்கள் என்று இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டார்கள். (அன்றிலிருந்து இன்றுவரை சந்தை விழும்போதெல்லாம் அதே விதவைகளும் அனாதைகளும்தான் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார்கள்.) 1610-ல் அரசு அப்படி விற்பதைத் தடை செய்தது. அதே 1610-ல் கம்பெனி முதல் டிவிடெண்டை அறிவித்தது. பெரும்பகுதி காசாக இல்லை, முதலில் ஜாதிபத்திரி, அப்புறம் மிளகு! மசாலாத் தீவுகளில் அந்தச் சரக்கை வாங்க டச்சுக்காரர்கள் கொண்டுபோன பண்டங்களில் நம் சோழமண்டலக் கரையின் துணியும் உண்டு. அதற்காகத்தான் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

லெ மெய்ர் விளையாடியது விலையில். பங்குதாரர்கள் காத்திருந்தது நெல்லுக்கு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அரசு வந்து நிற்கும் காட்சியும் அன்றே ஆரம்பித்துவிட்டது.

நெல் இல்லாத அறுவடை

இந்தியாவில் இதன் முதல் பெரிய பாடம் பம்பாயில் நடந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்க, அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன பருத்தி நின்றது. பம்பாய் பருத்திக்கு யோகம் அடித்தது. நகரத்தில் குவிந்த பணம் பங்குகளாக மாறியது. ஆலமரத்தடியில் கூடி வியாபாரம் செய்த தரகர்களின் எண்ணிக்கை பெருகியது. கடலை நிரப்பி நிலமாக்குவதற்கென்று தொடங்கிய பேக் பே கம்பெனியில் 5,000 ரூபாய் கட்டிய பங்கு 50,000 ரூபாய்க்கு மேல் கைமாறியது. அந்தக் கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கவில்லை, கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. நிலமே இன்னும் கடலுக்குள் இருந்தது.

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. ஜூலை 1-ஆம் தேதி, தவணை ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டிய நாள். கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. 2,850 ரூபாய் வரை போன பாங்க் ஆஃப் பாம்பே பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. அந்தத் தரகர்களில் மிஞ்சியவர்கள் 1875-ல் சேர்ந்து அமைத்த சங்கம்தான் இன்றைய மும்பை பங்குச்சந்தை.

இந்தியர்களின் மனதில் "ஷேர் மார்க்கெட்னா சூதாட்டம்" என்று பதிந்ததற்கு ஒரு தொடக்கப்புள்ளி வைக்க வேண்டுமென்றால் இந்த 1865-ஐ வைக்கலாம். அதற்குப் பிறகு வந்த எச்சரிக்கையான குடும்பங்கள் பங்கு வாங்கியபோது ஒரே கேள்விதான் கேட்டன: வருஷா வருஷம் டிவிடெண்ட் வருமா? கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைச் சாமானியர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத காலம் அது. தபாலில் வரும் டிவிடெண்ட் வாரண்ட்தான் கம்பெனி உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று. அந்த வாரண்ட்டில் ஒரு கிழிதுண்டு இருக்கும், எவ்வளவு வரி பிடித்தோம் என்று சொல்வது. நம் கதைக்கு அந்தத் துண்டுதான் முக்கியம்.

ஒரு லாபம், ஒரு வரி

இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன், 1860-ல், 1857 கலகத்தை அடக்கிய செலவை ஈடுகட்ட. டிவிடெண்டைப் பொறுத்தவரை சுவாரசியமான சட்டம் 1922-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது பங்குதாரர்களின் நிழல். கம்பெனி தன் லாபத்துக்குக் கட்டும் வருமான வரி, பங்குதாரர்களின் சார்பாகக் கட்டியதாகக் கருதப்படும். டிவிடெண்ட் வாங்கியவர் தன் கணக்கில் அந்த வரியையும் சேர்த்து வருமானமாகக் காட்டுவார். பிறகு, கம்பெனி ஏற்கெனவே கட்டிய வரியைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்வார். அவருடைய வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கம்பெனி கட்டியதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். ஒரு லாபம், அதன் மேல் ஒரு வரி, அதுவும் வாங்குகிறவரின் வசதிக்கேற்ப. காலனி அரசு நமக்கு விட்டுப்போனவற்றில் நியாயமான ஏற்பாடுகள் அபூர்வம். இது அவற்றில் ஒன்று.

சுதந்திரத்துக்குப் பின் இது எடுக்கப்பட்டது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1959-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்தக் கழிவு முறையை நீக்கியது. கணக்குப் போடுவது சிக்கலாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால் எளிமைக்குக் கொடுத்த விலை பெரியது. இனிமேல் கம்பெனி தனி ஆள், பங்குதாரர் தனி ஆள். லாபத்துக்குக் கம்பெனி ஒரு வரி கட்டும், அதில் மிச்சமானது கைக்கு வந்தால் பங்குதாரர் இன்னொரு வரி கட்டுவார். ஒரே நெல்லுக்குக் களத்திலும் வீட்டு வாசலிலும் இரண்டு முறை அளவை.

சின்ன முதலீட்டாளர்களுக்கு ஒரு வரம்பு வரை விலக்கு கொடுத்துச் சமாளித்தார்கள். 80எல் என்ற பிரிவு அப்படித்தான் நடுத்தரக் குடும்பங்களில் பிரபலமானது. ஆனால் மேல் அடுக்கில் தனிநபர் வரி ஏறிக்கொண்டே போனது. 1970-களின் தொடக்கத்தில் உச்ச வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 97 சதவீதத்தையும் தாண்டியது. அந்த அடுக்கில் இருக்கும் முதலாளிக்கு 100 ரூபாய் டிவிடெண்ட் வந்தால் 3 ரூபாய்கூட மிஞ்சாது. அவர் ஏன் டிவிடெண்ட் அறிவிப்பார்? பணத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்து, காரும் வீடும் கம்பெனிச் செலவில் அனுபவிப்பார். பக்கத்தில் 50 பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கம்பெனிக் கார் கிடையாது. பெரியவரைக் குறிவைத்த வரி சின்னவர் சோற்றில் விழும் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

1974 ஜூலை

இந்தக் கதையின் மிக நாடகத்தனமான அத்தியாயம் இப்போது கிட்டத்தட்ட மறக்கப்பட்டுவிட்டது. 1973-ல் எண்ணெய் விலை ஏற, பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள் கையில் புழங்கும் பணத்தைக் குறைக்க இந்திரா காந்தி அரசு 1974 ஜூலையில் சில அவசரச் சட்டங்கள் போட்டது. சம்பள உயர்வின் ஒரு பகுதி கட்டாய வைப்பாகப் போனது. கூடவே, டிவிடெண்டுக்கு ஓர் உச்சவரம்பு வந்தது: வரிக்குப் பிந்தைய லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது முகமதிப்பில் 12 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கம்பெனிகள் கொடுக்கக் கூடாது.

முகமதிப்பு என்றால் பங்குப் பத்திரத்தில் அச்சிட்ட தொகை, அன்று பெரும்பாலும் 10 அல்லது 100 ரூபாய். டிவிடெண்டை அதன் சதவீதமாகச் சொல்வது நம் ஊர் வழக்கம். "40 சதவீத டிவிடெண்ட்" என்று செய்தி வந்தால் மயங்கிவிடக் கூடாது. 10 ரூபாய் முகமதிப்பில் 40 சதவீதம் 4 ரூபாய். அந்தப் பங்கு சந்தையில் 400 ரூபாய் என்றால் கைக்கு வருவது 1 சதவீதம்.

ஆக, முகமதிப்பில் 12 சதவீதம் என்பது நல்ல கம்பெனிகளுக்குக் கழுத்துப்பிடி. சந்தை சரிந்தது. பங்குச்சந்தைகளைச் சில நாட்கள் மூடி வைக்க வேண்டியதாயிற்று. இங்கே நின்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று எந்தக் கம்பெனியின் ஆலையும் நிற்கவில்லை. லாபம் குறையவில்லை. லாபம் கம்பெனிக்குள்ளேயேதான் இருந்தது, காகிதக் கணக்குப்படி அதுவும் பங்குதாரருடையதே. ஆனால் "உன் கைக்கு வராது" என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் காகிதத்தின் மதிப்பு இறங்கியது. "பெட்டிக்குள்ள இருக்குற லாபம் உன்னுதுதான்" என்று சொன்னால் 1974-ன் முதலீட்டாளர் நம்பத் தயாராக இல்லை. கையில் வந்தால்தான் அவருடையது.

இந்தத் தடை தற்காலிகம்தான், போகப் போகத் தளர்ந்து ஒழிந்தது. ஆனால் அரசு நினைத்தால் களத்து நெல்லைத் தொடலாம் என்பது தெரிந்துவிட்டது.

விலையின் காலம்

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியச் சிறு முதலீட்டாளரின் கண் நெல்லிலிருந்து நிலத்தின் விலைக்குத் திரும்பியது. இரண்டு காரணங்கள். 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் பல வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தங்கள் உரிமையை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. மிச்சப் பங்குகளை இந்தியர்களுக்கு விற்க வேண்டும். விலையைத் தீர்மானித்தது சந்தை அல்ல, மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்ற அரசு அதிகாரி. அவர் வைத்த விலை சந்தை தரத் தயாராக இருந்ததைவிட மிகக் குறைவு. ஒதுக்கீடு கிடைத்தவருக்கு முதல் நாளே லாபம். இரண்டாவது, 1977-ல் பொதுமக்களிடம் வந்த ரிலையன்ஸ். திருபாய் அம்பானி நடுத்தரக் குடும்பங்களைப் பெரும் எண்ணிக்கையில் பங்குதாரர்களாக்கினார். அதன் ஆண்டுக் கூட்டத்தை அரங்கில் நடத்த முடியாமல் மைதானத்தில் நடத்தும் நிலை வந்தது. டிவிடெண்டுக்காகக் காத்திருந்த பழைய பங்குதாரர் இடத்தில், விலை எங்கே போகும் என்று கேட்கும் புதிய பங்குதாரர் வந்தார்.

1992-ல் அதன் உச்சம். ஆண்டு பிறக்கும்போது சென்செக்ஸ் 2,000-க்குக் கீழே. ஏப்ரல் 22-ல் 4,467. ஹர்ஷத் மேத்தா வங்கிகளின் பணத்தைக் கொண்டு வாங்கித் தள்ளிய ஏசிசி பங்கு 200 ரூபாயிலிருந்து 9,000-ஐத் தொட்டது. இதற்கு ஒரு தத்துவமும் சொன்னார்: ஒரு கம்பெனியை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் அதன் மதிப்பு. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். அந்த ஆலையிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு கைக்கு வரும் என்ற கேள்வி மட்டும் அதில் இருக்காது. ஏப்ரல் 23-ல் சுசேதா தலால் எழுதிய செய்தி வந்தது. ஆண்டு முடிவில் சென்செக்ஸ் 2,600-ஐ ஒட்டி நின்றது. ஜனவரியில் வாங்கியவருக்கு அப்போதும் லாபம். ஆனால் புதிதாக வந்த பெரும்பாலோர் ஜனவரியில் வாங்குவதில்லை, ஏப்ரலில்தான் வாங்குகிறார்கள். எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இதுதான் நிலைமை.

கண்ணுக்குத் தெரியாத பங்குதாரர்

1997 பிப்ரவரி 28. சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம் தாக்கல் செய்த, பிறகு "கனவு பட்ஜெட்" என்று பெயர் பெற்ற பட்ஜெட். தனிநபர் வரி 10, 20, 30 என்று மூன்று அடுக்கானது. டிவிடெண்டுக்குப் புது ஏற்பாடு: பங்குதாரர் இனி வரி கட்ட வேண்டாம், கம்பெனியே கொடுக்கும் தொகையின் மேல் 10 சதவீதம் கட்டிவிடும்.

நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த யோசனையின் அழகு எனக்குப் புரிகிறது. லட்சக்கணக்கான முனைகளில் ஓடித் திரிந்து தரவு திரட்டுவதற்குப் பதில், சில ஆயிரம் கம்பெனிகளிடம் வசூலித்துவிடலாம். அன்றைய பங்கு பெரும்பாலும் காகிதப் பத்திரம்தான். பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் என்எஸ்டிஎல் 1996-ல்தான் பிறந்திருந்தது. யாரிடம் எத்தனை பங்கு, யாருக்கு எவ்வளவு டிவிடெண்ட் என்று வருமானவரித் துறையால் சேர்த்துப் பார்க்க முடியாது. பார்க்க முடியாதவரிடம் வசூலிப்பதைவிடப் பார்க்க முடிகிறவரிடம் வசூலிப்பது சுலபம். பண்ணையாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகாமல் களத்திலேயே அளந்து எடுத்துக்கொள்வது மாதிரி.

பிரச்சினை, களத்தில் அளக்கும்போது யார் ஏழை, யார் பணக்காரர் என்பது தெரியாது என்பதுதான். வருமானமே இல்லாத மூதாட்டிக்கும் கோடிகளில் டிவிடெண்ட் வாங்கும் முதலாளிக்கும் ஒரே விகிதம். சட்டப்படி மூதாட்டி வரியே கட்டவில்லை, அவர் கையில் அது வரியில்லாத வருமானம். அதனாலேயே அவர் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. 1922-ன் சட்டத்தில் அவருக்கு இருந்த உரிமை அது.

10 சதவீதமாக இருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வரிக்கு ஒரு குணம் உண்டு, ஏற்றினால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். 2000-ல் யஷ்வந்த் சின்ஹா 20 ஆக்கினார், அடுத்த ஆண்டே 10-க்கு இறக்கினார். 2002-ல் இந்த முறையையே எடுத்துவிட்டுப் பங்குதாரரிடம் வசூலிக்கப் போனார். 2003-ல் ஜஸ்வந்த் சிங் மறுபடியும் கம்பெனியிடமே கொண்டுவந்தார், 12.5 சதவீதம். 2007-ல் மீண்டும் சிதம்பரம், 15. 2014-ல் அருண் ஜேட்லி கணக்கிடும் முறையை மாற்ற, சுமை இன்னும் கூடியது. கடைசியில் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 20.56 சதவீதம். 2016-ல், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் டிவிடெண்ட் வாங்குகிறவர்களுக்குத் தனியாக 10 சதவீதம். களத்திலும் அளந்து, பெரிய வீடுகளின் வாசலிலும் அளக்க ஆரம்பித்தார்கள்.

2020 பிப்ரவரி 1, சனிக்கிழமை, நிர்மலா சீதாராமன் இந்த வரியை நீக்குவதாக அறிவித்தார். அரசுக்கு ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று மதிப்பிட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் தங்கள் நாட்டில் இந்த வரிக்குக் கழிவு கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. என் பார்வையில், சொல்லப்படாத காரணம் தொழில்நுட்பம். 2020-ல் பெரும்பாலான பங்குகள் டிமேட் கணக்கில், டிமேட் கணக்குகள் பான் எண்ணில். 1997-ல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பங்குதாரர் இப்போது துல்லியமாகத் தெரிகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி தன் வரியைக் கட்டிய பிறகு, பிரித்துக் கொடுக்க 100 ரூபாய் வைத்திருக்கிறது. பழைய முறையில், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வாங்கியவர்கள் நீங்கலாக, யாராக இருந்தாலும் கைக்கு வந்தது சுமார் 83 ரூபாய். புதிய முறையில் வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு முழு 100. 30 சதவீத அடுக்கில் இருக்கும் சம்பளக்காரருக்குச் சுமார் 69. கோடிகளில் வாங்கும் முதலாளிக்கு 64. யார் என்ன சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் புதிய முறைதான் நியாயமானது. மூதாட்டிக்கு 17 ரூபாய் திரும்பக் கிடைத்தது.

பின்கதவு

அரசு ஒரு வாசலில் அளந்தால், மூட்டை இன்னொரு வாசல் வழியாகப் போகும். டிவிடெண்ட் வரி ஏற ஏறக் கம்பெனிகள் கண்டுபிடித்த வாசல், தங்கள் பங்கைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வது. டிவிடெண்ட் கொடுத்தால் 20 சதவீதம் போகும். அதே பணத்தைக் கொடுத்துப் பங்குதாரரிடமிருந்து பங்கை வாங்கினால் அது விற்பனை. நீண்ட நாள் வைத்திருந்த பங்குக்கு 2018 வரை விற்பனை லாபத்தில் வரியே கிடையாது. 2017-ல் டிசிஎஸ் 16,000 கோடி ரூபாய்க்கு இப்படித் தன் பங்கைத் திரும்ப வாங்கியது, இன்போசிஸ் 13,000 கோடிக்கு. சட்டப்படி எல்லாம் சரி. 2019 ஜூலையில் அந்த வாசலிலும் 20 சதவீத வரி வந்தது. 2024 அக்டோபர் முதல் அப்படி வரும் பணத்தையும் டிவிடெண்டாகவே கருதி வாங்குகிறவரிடம் வரி கேட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு வாசல் கட்டும் வசதி இருக்கிறது என்பது. எந்த வழியில் லாபத்தைப் பிரிப்பது என்று தீர்மானிப்பது பெரும்பான்மைப் பங்குதாரர். 50 பங்குக்காரருக்கு வருவது அவர் தீர்மானித்த மிச்சம்.

ஆடும் விலை, ஆடாத நெல்

பொருளியலாளர்கள் மெர்ட்டன் மில்லரும் பிராங்கோ மோடிலியானியும் 1961-ல் ஒரு வாதம் வைத்தார்கள். கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான். கொடுத்தால் அந்த அளவுக்குப் பங்கின் விலை குறையும். கொடுக்காவிட்டால் தேவைப்பட்ட அளவுக்குப் பங்கை விற்றுக்கொள்ளலாம். டிவிடெண்ட் என்பது இனாம் இல்லை, உங்கள் வலது பையிலிருந்து இடது பைக்கு மாறும் காசு. இது சரிதான், பங்குதாரர்கள் அடிக்கடி மறப்பதும் இதைத்தான். ஆனால் அந்த வாதத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வரி இருக்கக் கூடாது, சந்தை விலை நியாயமாக இருக்க வேண்டும்.

வரியின் கதையைப் பார்த்தோம். விலையின் கதையை 1981-ல் ராபர்ட் ஷில்லர் எழுதினார். அமெரிக்கச் சந்தையின் நீண்ட காலத் தரவை எடுத்து, பங்கு விலைகள் ஆடும் ஆட்டத்தை, பிறகு உண்மையில் வந்த டிவிடெண்டின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். டிவிடெண்ட் மெதுவாக, சீராக நகர்ந்தது. விலையோ அதற்குத் துளியும் பொருந்தாத அளவுக்குத் துள்ளியது. டிவிடெண்ட் ஏன் சீராக இருக்கிறது என்பதற்கு அதற்கும் முன்பே, 1956-ல், ஜான் லிண்ட்னர் 28 கம்பெனிகளின் நிர்வாகிகளிடம் பேசி விடை கண்டிருந்தார்: ஒருமுறை ஏற்றினால் மறுபடி இறக்க நேர்வதை அவர்கள் அவமானமாகக் கருதினார்கள். அதனால் மெல்லத்தான் ஏற்றுவார்கள்.

இப்போது 2020 மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று செலவுக்குப் பணம் தேவைப்பட்ட ஓய்வூதியமற்ற ஒருவர், "தேவைப்பட்ட அளவுக்கு விற்றுக்கொள்" என்ற அறிவுரைப்படி 25,981-ல் விற்றிருக்க வேண்டும். முந்தின மாதம் வந்த டிவிடெண்ட் வங்கியில் இருந்தவர் விற்காமல் இருந்திருக்கலாம். சந்தை கெட்ட மனநிலையில் இருக்கும் நாளில் அதன் முகத்தைப் பார்க்காமல் இருக்கும் வசதி, அதுதான் டிவிடெண்ட் தருவது. பொருளியல் சூத்திரத்தில் இதற்கு இடமில்லை. மாதச் செலவில் நிறையவே இடம் உண்டு.

டிவிடெண்டைப் புனிதமாக்கவும் வேண்டாம். அதே 2020 ஏப்ரல் 17-ல் ரிசர்வ் வங்கி, அந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து மேற்கொண்டு டிவிடெண்ட் தரக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கியின் மூலதனத்தைக் காக்க அது தேவையாக இருந்திருக்கலாம். மழை பொய்த்தால் களமும் காயும்.

சட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது

2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டிமேட் கணக்குகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் 10 கோடி. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் நம் வயதினர், கைபேசியில் கணக்குத் தொடங்கியவர்கள். சம்பளம் வாங்கும், 30 சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து முடித்துக்கொள்ளலாம்.

கம்பெனி 100 ரூபாய் லாபம் சம்பாதிக்கிறது. 2019-ல் அறிவித்த குறைந்த விகிதத்தில் வரி போக மிச்சம் சுமார் 75. அதை முழுக்க டிவிடெண்டாகக் கொடுத்தால் சம்பளக்காரர் கையில் நிற்பது 51 ரூபாய் சொச்சம். அதே 75-ஐக் கம்பெனி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு விலை ஏறி, ஓராண்டுக்குப் பிறகு விற்றால், 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் போக 65. அதுவும் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரியே இல்லை. வார்த்தைகளில் சொன்னால்: "லாபத்தில் உன் பங்கைக் கேட்காதே, காகிதத்தை விற்றுக் காசாக்கிக்கொள்." 1922-ன் சட்டம் பங்குதாரரைக் கம்பெனியின் சொந்தக்காரராகப் பார்த்தது. இன்றைய சட்டம் அவரை விற்கப்போகிறவராகப் பார்க்கிறது. விற்கப்போகிறவர் விலையைத்தான் பார்ப்பார், தினமும் பார்ப்பார். நாம் எல்லோரும் பதற்றக்காரர்களாகப் பிறந்துவிடவில்லை. கொஞ்சம் வரிச்சட்டமும் சேர்ந்துதான் நம்மை அப்படி உட்கார வைத்திருக்கிறது.

இதற்குப் பதில் டிவிடெண்டே வேண்டாம் என்பதோ, டிவிடெண்ட் தரும் பங்குகளை மட்டும் வாங்க வேண்டும் என்பதோ அல்ல. வளரும் கம்பெனி லாபத்தை உள்ளேயே போட்டு வளர்வது நல்லதுதான். கேட்க வேண்டியது, கம்பெனி கட்டிய வரிக்குப் பங்குதாரருக்குக் கழிவு தரும் அந்தப் பழைய ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவர முடியாதா என்பது. ஆஸ்திரேலியா 1987 முதல் அப்படி ஒரு முறையை நடத்திவருகிறது. 1959-ல் கணக்கு சிக்கல் என்று கைவிட்டோம், கிளார்க்குகள் பேரேட்டில் கூட்டிக் கழித்த காலம் அது. இன்று யாருக்கு எத்தனை ரூபாய் டிவிடெண்ட் போனது என்பது வருமானவரி இணையதளத்தில், கம்பெனிவாரியாக, நாம் கேட்காமலே வந்து நிற்கிறது.

அந்தப் பட்டியலை வசூலிக்க மட்டும்தான் இதுவரை பயன்படுத்துகிறார்கள். ஒரு கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள், 2025 வரை அந்த வரம்பு 5,000. வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் முன்கூட்டியே அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் பெயரில் பங்குகள் இருந்தால் இந்தப் படிவத்தை ஏப்ரலிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழு வருஷம் கேட்கப்படாத டிவிடெண்ட் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், தொடர்ந்து கேட்காமலே இருந்தால் பங்கும் அதன் பின்னாலேயே போகும். அலமாரியில் பழைய காகிதப் பத்திரம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.